பல்லிக் குட்டி துவண்டு கிடந்தால்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

இது காசு கொடுத்து வாங்கி வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகை பற்றியது இல்லை. டியூப்லைட்டுக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு, நாம் ஏதாவது முக்கியமாகப் பேசும்போது பார்த்து 'ச்சு ச்சு ச்சு' என்று சொல்லுமே, அந்தச் சாதாரண வீட்டுப் பல்லியின் குட்டி பற்றியது. பெங்களூரு அல்சூரில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது பின்னால் வெள்ளையாக இரண்டு முட்டை இருந்தன. பெயின்டர் தூக்கிப் போடத்தான் போனார், அம்மா விடவில்லை. "காஞ்சிபுரத்துல போய் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்து, இங்க முட்டையை உடைப்பியாப்பா?" என்று கேட்டதில் அவரே சங்கடப்பட்டு ஒரு பேப்பர் கப்பில் வைத்துக் கொடுத்துவிட்டார். முதல் குட்டியை என் அறியாமையால் இரண்டே நாளில் கொன்றேன். இரண்டாவது பிழைத்தது. அதற்கப்புறம் 'அந்த பல்லி வீடு' என்று தெருவில் பெயர் வந்து, யார் வீட்டில் குட்டி மயங்கிக் கிடந்தாலும் தீப்பெட்டியில் போட்டு எங்களிடம் கொண்டுவருகிறார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி 'ஹல்லி மரி' என்று கதவைத் தட்டியபோது, ஏதோ ஹள்ளிக்கு (கிராமத்துக்கு) பஸ் கேட்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டார். நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதுபோல நம் பல்லி அங்கே ஹல்லி, மரி என்றால் குட்டி, அவ்வளவுதான்.

கை வைக்கும் முன்

தனியாக இருக்கிறது, அம்மாவைக் காணோம் என்பது ஒரு பிரச்சினையே இல்லை. பல்லி முட்டையிட்டதும் போய்விடும், குட்டி பிறந்த நிமிடத்திலிருந்து தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பிறந்த குட்டி வாலோடு சேர்த்து 4, 5 சென்டிமீட்டர்தான், எடை அரை கிராம்கூட வராது, பார்த்தாலே பாவமாகத்தான் இருக்கும். விரலைக் கிட்டே கொண்டுபோனால் ஓடுகிறதா? ஓடினால் அதற்கு ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள். ஓடாதது, ஓட முயன்று சாய்வது, எறும்பு மொய்ப்பது, எதிலாவது ஒட்டிக்கொண்டது, இவற்றுக்கு மட்டும்தான் கீழே உள்ளதெல்லாம்.

எடுக்கும்போது விரலால் பிடிக்காதீர்கள். ஒரு காகிதத்தை அடியில் நுழைத்து அப்படியே தூக்குங்கள். பார்சல் சாப்பாடு வரும் பிளாஸ்டிக் டப்பா போதும், உள்ளே வெள்ளை டிஷ்யூ, ஒளிந்துகொள்ள ஒரு சுருட்டிய அட்டை. மேலே மூடிக்குப் பதில் பழைய வேட்டித் துணியை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள், ஏனென்றால் நாம் காற்றுக்காகப் போடும் ஓட்டை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதன் தலை நுழைந்துவிடும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். டப்பாவை ஒரு கிண்ணத்தின் மேல் ஏற்றி, கிண்ணத்தை நீர் ஊற்றிய தட்டில் நிறுத்துங்கள். எறும்புக்குத்தான். மெலிந்த குட்டியைக் கண்டுபிடிக்க எறும்புக்கு அரை மணி நேரம் போதும், என் அனுபவத்தில் குளிரைவிடப் பெரிய எதிரி அதுதான்.

அப்புறம் கை கழுவுங்கள், சோப்பு போட்டு, ஒவ்வொரு முறையும். பல்லி விஷம் என்பது கதை, அதனிடம் விஷம் கிடையாது. ஆனால் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அது உண்மை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் டப்பா சமையலறைப் பக்கமே வரவேண்டாம்.

அறிகுறி: அசையவே இல்லை, தொட்டால் சில்லென்று இருக்கிறது

செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல்லிக்கு நம்மைப்போல உடம்புக்குள் சூடு உண்டாகாது, சுற்றியிருக்கும் காற்று எவ்வளவோ அதுவும் ஏறக்குறைய அவ்வளவு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர், டிசம்பர் ஜனவரி இரவுகளில் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் என் சித்தி வீட்டில் இந்தப் பிரச்சினையே வருவதில்லை, அங்கே சுவரே சுடும். இங்கே ஜனவரி காலையில் சிமென்ட் தரையில் விழுந்த குட்டி, கல் மாதிரி கிடக்கும், கண் திறந்தே இருக்கும் (அதற்கு இமை கிடையாது, அதனால் கண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது).

செய்ய வேண்டியது: தண்ணீர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றி, டப்பாவின் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்பது முக்கியம், சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள வேண்டும். டப்பாவுக்குள் 27, 28 டிகிரி இருந்தால் நல்லது, 30 வரை போகலாம். இங்கே எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வயரோடு வரும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், வயர் நுனியை டப்பாவுக்குள் விட்டுவிட்டால் ஊகம் தேவையில்லை. சிலர் வைஃபை ரவுட்டர்மேல் வைப்பார்கள், நானும் வைத்திருக்கிறேன், தப்பில்லை, ஆனால் சில ரவுட்டர் வெதுவெதுப்போடு நிற்கும், சில இட்லிப்பானை போலக் கொதிக்கும், அளந்து பார்த்துவிட்டு வையுங்கள்.

வெயிலில் வைக்காதீர்கள். 'கொஞ்சம் வெயில் காட்டினா சரியாகிடும்' என்று பால்கனியில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்தால் சில நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். ஹேர் டிரையர் வேண்டாம். குண்டு பல்பைத் தலைக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பொறுங்கள். முதலில் தொண்டை லேசாகத் துடிக்கும், அப்புறம் விரல், அப்புறம்தான் தலையைத் தூக்கும். இந்த நேரத்தில் எதையும் ஊட்டாதீர்கள், குளிர்ந்த உடம்பில் எதுவும் செரிக்காது. இரண்டு மணி நேரம் கழித்தும் தொண்டைத் துடிப்பு இல்லை, உடம்பு விறைத்துவிட்டது என்றால்தான் போய்விட்டது என்று அர்த்தம்.

அறிகுறி: சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் தோல் சுருங்கி, கண் குழிவிழுந்து, இடுப்பெலும்பு தெரிகிறது

நீர் வற்றிவிட்டது. ஃபேனும் பிளாஸ்டிக் டப்பாவும் சேர்ந்தால் சீக்கிரம் வரும் கேடு இது. இவ்வளவு சின்ன உடம்பில் இருப்பதே சில சொட்டு, அது போவதற்கு எவ்வளவு நேரமாகும்?

என் முதல் குட்டியைக் கொன்றது இந்த இடத்தில்தான். தாகமாக இருக்குமே என்று பாட்டில் மூடியில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் முகம் தண்ணீருக்குள் இருந்தபடி கிடந்தது, தலையைத் தூக்கத் தெம்பில்லாத குட்டிக்கு மூடித் தண்ணீரே குளம். அதனால் மூடி, கிண்ணம், பஞ்சு ஊறவைத்த தட்டு எதுவும் வேண்டாம். பல்லி குட்டையில் குடிப்பதைவிட, சுவரிலும் இலையிலும் இருக்கும் துளியை நக்கித்தான் பெரும்பாலும் குடிக்கும். சலூனில் முடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலை (புதியது, ஷாம்பு போட்டது இல்லை) வாங்கி, டப்பாவின் உள்சுவரில் மட்டும் இரண்டு அடி அடியுங்கள், காலையில் ஒன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று. குட்டிமேல் நேராக அடிக்க வேண்டாம்.

ரொம்பத் துவண்டிருந்தால் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைத் தண்ணீரில் தோய்த்து, அந்த ஒரு துளியை மூக்கு நுனிக்குக் கீழே, உதட்டோரத்தில் தொட்டு வையுங்கள். நாக்கை நீட்டி நக்கும். நக்கிவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நக்கவில்லையா, பத்து நிமிடம் கழித்து மறுபடி. சிரிஞ்சால் வாய்க்குள் செலுத்தாதீர்கள், தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பால் கூடாது, சர்க்கரைத் தண்ணீர் கூடாது, தேனும் கூடாது, வெறும் தண்ணீர் போதும். இந்த இடத்தில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது, ஒரு சொட்டு பால் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று அம்மா. பூச்சி தின்னும் பிராணிக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற நீரும் போகும்.

முன்னேற்றம் தெரிவது எச்சத்தில். கருப்பாக ஒரு துண்டு, நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். வெள்ளை மெத்தென்று இருந்தால் நீர் போதும். மஞ்சளாகிக் கல் மாதிரி இறுகியிருந்தால் இன்னும் போதவில்லை.

அறிகுறி: முட்டை விரிந்துவிட்டது, குட்டி பாதி வெளியே வந்து அப்படியே நிற்கிறது

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். தலையை வெளியே விட்டுவிட்டு மணிக்கணக்கில் ஓய்வெடுப்பது வழக்கமானதுதான், உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். நாம் ஓட்டை உரித்து 'உதவி' செய்தால் அந்தப் பை கிழிந்து ரத்தம் போகும். வயிற்றடியில் பை ஒட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டதா? வெட்டாதீர்கள், இழுக்காதீர்கள். டிஷ்யூவை ஈரமாக்கிப் பிழிந்து விரித்து, அதன்மேல் விட்டு, இருட்டாக மூடி வையுங்கள். தானே வற்றி விழும்.

முட்டை இன்னும் பொரியவில்லை, கழற்றி எடுத்துவிட்டோம் என்பவர்களுக்கு ஒரே விஷயம்: எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கடைசிவரை அப்படியே வைத்திருங்கள். கோழிமுட்டை மாதிரி திருப்பக் கூடாது, கரு ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், தலைகீழானால் மூச்சுமுட்டும். சுவரில் ஒட்டியிருந்தால் பெயர்க்கவே வேண்டாம், ஓடு நொறுங்கும். இட்டதிலிருந்து ஒன்றரை, இரண்டு மாதம், குளிர் என்றால் அதற்கும் மேலே. நமக்கு எப்போது இட்டது என்று தெரியாததால் கணக்குப் போட்டுப் பயனில்லை.

அறிகுறி: எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறது

பிறந்து எத்தனை நாள்? முதல் மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம், வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது. அடிவயிறு கண்ணாடி மாதிரி இருப்பதால் மஞ்சளாகத் தெரியும், அதைப் பார்த்துக் கட்டி என்று பயந்து எனக்குப் படம் அனுப்பியவர்கள் உண்டு. முதல் சட்டையை உரித்து அதையே தின்னும், அதுவும் கணக்கில் சேரும்.

அதற்குப் பிறகும் சாப்பிடவில்லை என்றால், நீங்கள் என்ன வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். சாதம், பிஸ்கட் தூள், செத்த கொசு எல்லாம் வைத்துவிட்டுச் சாப்பிடவில்லை என்றால் எப்படி? அசைவதுதான் அதற்கு உணவு. கொசு பேட்டில் பொரிந்ததும், மருந்தடித்துச் செத்ததும் ஆகாது, மருந்து பட்ட பூச்சி குட்டியையும் கொண்டுபோய்விடும். அளவு, அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. மழைக்காலத்து ஈசல் பெரிய பல்லிகளுக்குத்தான் விருந்து, குட்டி வாய்க்கு அடங்காது.

பொருத்தமானது பழ ஈ. காசும் இல்லை. நன்றாகக் கனிந்து கறுத்த ஏலக்கி வாழைப்பழத் தோலை ஒரு பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் திறந்து வையுங்கள், மறுநாள் மாலை பத்துப் பதினைந்து ஈ உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். துணியால் மூடுங்கள். டப்பாவுக்குள் மாற்றுவதுதான் வித்தை, திறந்தால் எல்லாம் பறந்துவிடும். பாட்டிலை இரண்டு நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈக்கள் மந்தமாகிவிடும், மூன்று நான்கைத் தட்டி உள்ளே போட்டு மூடிவிடலாம். (ஃபிரிட்ஜில் ஈ பாட்டிலைப் பார்த்த அன்று என் மனைவி பேசவே இல்லை. லேபிள் ஒட்டுங்கள்.) சாயங்காலத்துக்குப் பிறகு போடுங்கள், விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் அந்த இடத்தைவிட்டுப் போங்கள். முகத்தை டப்பாமேல் வைத்துக்கொண்டு பார்த்தால் சாப்பிடாது, அதன் கணக்கில் நீங்கள் பூனை. காலையில் ஈ குறைந்திருக்கிறதா, எச்சம் இருக்கிறதா என்று எண்ணினால் தெரிந்துவிடும். மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். தாடை நூல் மாதிரி, உடைந்துவிடும்.

அறிகுறி: சுவரில் ஏற முடியாமல் வழுக்குகிறது

விரல்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள், போன் கேமராவில் பெரிதாக்கினாலும் போதும். வெள்ளையாக மோதிரம் மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் உரிந்த தோல் முழுதாகக் கழன்று வரவில்லை. பல்லியின் காலில் பசை எதுவும் இல்லை, விரலடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிரிழைகள் சுவரோடு அவ்வளவு நெருங்குவதால் வான்டர்வால்ஸ் விசை என்கிற மூலக்கூறு ஈர்ப்பே பிடித்துக்கொள்கிறது. இடையில் ஒரு படலம் தோல் இருந்தாலும் பிடி போச்சு. அதைவிட மோசம், காயக் காய அந்த மோதிரம் இறுகி ரத்தம் ஓடாமல் விரலே கறுத்து விழும்.

ஈர டிஷ்யூ விரித்த சின்ன டப்பாவில், வெதுவெதுப்பாக, அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் காது குடையும் பட்ஸை நனைத்து விரலின் அடியிலிருந்து நுனிப் பக்கமாக லேசாக உருட்டுங்கள். வராவிட்டால் நாளைக்கு. இடுக்கியால் பிடுங்கினால் தோலோடு விரலும் வரும். வால் நுனியையும் பாருங்கள், அங்கேயும் சிக்கும்.

தோல் இல்லை, விரல் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் வழுக்குகிறது என்றால் பலவீனம்தான், மேலே சொன்ன சூடும் நீரும். ஏறுகிறதா என்று சோதிக்க ஈரக் கண்ணாடியிலோ நான்ஸ்டிக் தோசைக்கல்லிலோ விட்டுப் பார்க்காதீர்கள், டெஃப்லானில் நல்ல தெம்பான பல்லிக்கே பிடி கிடைக்காது.

அறிகுறி: வால் போய்விட்டது

மஞ்சள் பற்றுப் போட வேண்டாம், ஆயின்ட்மென்ட் வேண்டாம். ரத்தம் அதிகம் வராது, அது கழலவே செய்த வால். டிஷ்யூவைத் தினமும் மாற்றுங்கள். கொழுப்பைச் சேமித்து வைப்பது வாலில்தான், அதனால் வாலில்லாத குட்டிக்கு இரண்டு ஈ கூடப் போடுங்கள். புதுவால் முளைக்கும், முன்போல அழகாக இருக்காது.

அறிகுறி: எலிக்கு வைத்த ஒட்டு அட்டையில், அல்லது செல்லோடேப்பில் ஒட்டிக்கொண்டது

இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைப் பட்ஸில் தொட்டு, ஒட்டியிருக்கும் விளிம்பில் ஒரு பக்கமிருந்து தடவிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு காலாக விடும். இருபது நிமிடம், அரை மணி ஆகும், பொறுமை வேண்டும். மூக்கில் எண்ணெய் படவே கூடாது. கெரசின், தின்னர் பக்கம் போகாதீர்கள். விடுபட்டதும் ஈரப் பஞ்சால் எண்ணெயை ஒற்றி எடுத்து, ஒரு நாள் முழுக்க வெதுவெதுப்பில் தனியாக விடுங்கள். அந்த அட்டையை எடுத்துக் குப்பையில் போடுங்கள், எலிக்கு வைத்ததில் எலியைத் தவிர எல்லாம் மாட்டுகிறது.

அறிகுறி: கழுத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கட்டி

ஒன்றுமில்லை. கால்சியம் சேமிக்கும் பை. பெண் பல்லிகளிடம் நன்றாகவே தெரியும், முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதிலிருந்து போகிறது. கிள்ளிப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: கை கால் உதறுகிறது, தாடை வளைந்திருக்கிறது, அல்லது வாயைப் பிளந்தபடி மூச்சு வாங்குகிறது

உதறல் பெரும்பாலும் கால்சியம் குறைவு. இரண்டு மூன்று நாளில் வராது, வாரக்கணக்கில் ஒரே ஈயைப் போட்டு டப்பாவில் வைத்திருந்தால் வரும். அதாவது நீங்கள் வளர்க்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வாய் பிளப்பதற்கு முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள், 35க்கு மேல் என்றால் வெந்நீர் பாட்டிலை உடனே எடுங்கள், அதுவே காரணம். சூடு சரியாக இருந்தும் வாய் மூடவில்லை, மூக்கில் குமிழி வருகிறது என்றால் நுரையீரல் தொற்று. இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. நாய் பூனை மட்டும் பார்க்கும் டாக்டரிடம் போவதைவிட ஊர்வன பார்ப்பவரா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பெங்களூரு கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனையையும் கேட்டுப் பார்க்கலாம். பல்லிக்கா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

எப்போது விடுவது

தானாக வேட்டையாடி இரண்டு நாள் எச்சம் போட்டுவிட்டது, டப்பாச் சுவரில் ஏறுகிறது, விரலைக் காட்டினால் ஓடுகிறது என்றால் அன்றைக்கே. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். ஆசையாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று நீட்டினால் மேலே சொன்ன உதறல் வரும். எடுத்த இடத்திலேயே, இருட்டத் தொடங்கும்போது விடுங்கள், கப்பன் பார்க்குக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம். குளிர் அதிகமான நாளாக இருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். பெரிய பல்லி உட்கார்ந்திருக்கும் விளக்குக்குப் பக்கத்தில் விடாதீர்கள், அது குட்டியையும் தின்னும், சொந்தக் குட்டி என்றெல்லாம் பார்க்காது. மீட்டர் பெட்டி, ஜன்னல் சட்டம் மாதிரி நுழைய இடுக்கு உள்ள இடமாகப் பார்த்து, டப்பாவைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். எங்கள் இரண்டாவது குட்டி டப்பாவிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது, நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன், நாலாவது முறை டிஷ்யூதான் இருந்தது.